ஒரே நாளை இரண்டு இடத்துக்குக் கொடுத்தேன்

ஆபீஸ் வேலையில் இருந்துகொண்டே ஒரு சினிமாவில் நடிக்கப் போனதில், 2022 ஆகஸ்டிலிருந்து 2023 ஜனவரி வரை, ஆறே மாதத்தில் எனக்குப் போன பணம் 2,54,300 ரூபாய். சினிமாக் கம்பெனி தர வேண்டிய பாக்கி 1,05,000. ஆபீஸில் பிடித்த 14 நாள் சம்பளம் 44,800. வராமல் போன வருடாந்திர போனஸ் 85,000. பெட்ரோலும் வழிச் செலவும் 14,000. வரி என்று என்னிடம் பிடித்துக்கொண்டு அரசாங்கத்துக்குக் கட்டாமல் விட்டது 5,500. இதையெல்லாம் மகளுடைய பழைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கூட்டிப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. பணத்தை விட, இதை ஆரம்பத்திலேயே எடுத்துச் சொல்ல ஒரு ஆள்கூட இல்லாமல் போய்விட்டதே என்பதுதான் அதிகம் வலித்தது. வேலையில் இருந்துகொண்டே நடிக்க ஆசைப்படுகிறவர்கள் கோயமுத்தூரில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதிலும் இரண்டு மூன்று மொழி தெரிந்தவர்களுக்கு இப்போது நல்ல தேவை இருக்கிறது. அவர்களுக்காகத்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சிறுமுகை. வீட்டுக்குள்ளே கன்னடம், வாசலைத் தாண்டினால் கொங்குத் தமிழ். எங்கள் பக்கம் நெசவு செய்கிற தேவாங்கர் வீடுகளில் எல்லாம் அப்படித்தான். அப்பா குழித்தறியில் உட்கார்ந்து பட்டு நெய்துகொண்டே என்னிடம் கன்னடத்தில் பேசுவார், தறிக்குப் பாவு நூல் கொண்டு வருகிற ஆள் வந்துவிட்டால் அதே மூச்சில் தமிழுக்கு மாறுவார். மலையாளம் வேலை கொடுத்தது. கொச்சியில் காக்கநாட்டு இன்ஃபோபார்க்கில் மூன்று வருஷம் இருந்தேன், அறையில் கூட இருந்த இரண்டு பேரும் திருச்சூர்க்காரர்கள், ஒரு வருஷத்தில் கனவுகூட மலையாளத்தில் வர ஆரம்பித்துவிட்டது. இப்போது சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில், வங்கிகளின் பணப் பரிமாற்ற மென்பொருளைப் பராமரிக்கிற டீமில் இருக்கிறேன். மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் ஆன்-கால், அதாவது அந்த வாரம் ராத்திரி பகல் எந்த நேரம் அலாரம் அடித்தாலும் 15 நிமிஷத்துக்குள் லாகின் செய்ய வேண்டும். நடிப்பு 2018இல் வாரக் கடைசி நாடகப் பயிற்சியில் தொடங்கியது. அப்புறம் இரண்டு குறும்படம், ஒரு மலையாளப் படத்தில் இரண்டு நாள் வேலை. கொரோனா காலத்தில் எல்லோருக்கும் வீட்டிலிருந்தே வேலை என்று இருந்ததால், இரண்டையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு தைரியம் வந்துவிட்டது. அந்தத் தைரியம் 2020க்கும் 2021க்கும் மட்டுமே சரியானது. எனக்கு அது புரிய நாளாயிற்று.

2022 ஜூலையில் ஒரு கோ-டைரக்டர் போன் செய்தார். தமிழ், மலையாளம் இரண்டிலும் சேர்த்து எடுக்கிற படம், கதை பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் நடுவில் எல்லையோர ஊர்களில் நடக்கிறது, ஒரு தேங்காய் மண்டிக்காரர் வேஷம். "சேட்டா, ரெண்டு பாஷையும் சொந்தமாப் பேசற ஆள் கிடைக்கல, நீங்க வந்தே ஆகணும்" என்றார். 20 நாள் வேலை, மொத்தம் 1,60,000 பேக்கேஜ். நான் மனசுக்குள் நாளுக்கு 8,000 என்று வகுத்துக்கொண்டேன். அந்த பேக்கேஜ் என்ற சொல்லை அப்போது நான் சரியாகக் கேட்கவே இல்லை. நாள் சம்பளம் என்றால் நாள் கூடினால் பணம் கூடும். பேக்கேஜ் என்றால் 20 நாள் 42 நாள் ஆனாலும் அதே பணம்தான். ஒப்பந்தக் காகிதம் எதுவும் இல்லை, வாட்ஸ்அப்பில் "1.6 ஓகே சேட்டா" என்று ஒரு வரி, கூடவே 25,000 அட்வான்ஸ். இன்றைக்கு யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்: எத்தனை நாள், அதற்கு மேலே போனால் ஒரு நாளைக்கு எவ்வளவு, காலை 9 முதல் மாலை 6 வரை ஒரு கால்ஷீட் என்றால் அதைத் தாண்டினால் என்ன, எத்தனை மொழிக்கு டப்பிங், பாக்கி எந்தத் தேதிக்கு. இந்த ஐந்தும் ஒரு மெயிலில் இருந்தாலே போதும். அவர்கள் அனுப்பவில்லை என்றால் நாமே எழுதி, "நேற்று போனில் பேசியது இது, சரிதானே" என்று அனுப்பி, "சரி" என்று ஒரு பதில் வாங்கிவிட வேண்டும்.

ஆபீஸிலும் இதே தப்பைச் செய்தேன். என்னிடம் 20 நாள் லீவு இருந்தது, படத்துக்கும் 20 நாள், கணக்கு அழகாக இருந்தது. மேனேஜரிடம் டீ குடிக்கும்போது சொன்னேன். நல்ல மனுஷன், "லீவு போட்டுட்டுப் போறீங்க, அதுல என்னங்க இருக்குது, போய்ட்டு வாங்க" என்றார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். ஒரு மாதத்தில் அவர் வேறு டீமுக்குப் போய்விட்டார், புதிதாக வந்தவருக்கு எதுவும் தெரியாது. ஆஃபர் லெட்டரை அதற்குப் பிறகுதான் எடுத்துப் படித்தேன். எழுத்தில் முன் அனுமதி வாங்காமல் சம்பளம் வருகிற வேறு எந்த வேலையும் செய்யக் கூடாது என்று ஒரு பத்தி தெளிவாக இருந்தது. நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்த 2022 செப்டம்பரில்தான் ஒரு பெரிய ஐடி கம்பெனி, போட்டி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்தார்கள் என்று 300 பேரை வெளியே அனுப்பிய செய்தி வந்து எல்லா ஆபீஸிலும் இதே பேச்சாக இருந்தது. அடுத்த மாதமே இன்னொரு பெரிய கம்பெனி, மேனேஜரிடமும் ஹெச்ஆரிடமும் முன்கூட்டி ஒப்புதல் வாங்கினால் வெளி வேலை செய்துகொள்ளலாம் என்று தன் ஆட்களுக்கு மெயில் அனுப்பியது. வேறு வேலை செய்தோமா என்பதைவிட, கேட்டுவிட்டுச் செய்தோமா என்பதைத்தான் பல இடங்களில் பார்க்கிறார்கள். நான் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். பயந்துகொண்டு கேட்காமல் விட்டேன்.

செப்டம்பர் 5ஆம் தேதி ஆனைமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் முதல் நாள். அந்த 12 நாள் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்லாவிட்டால் இது பொய்க் கணக்காகிவிடும். காலை ஆறு மணிக்கு மஞ்சுக்குள்ளே தோப்பு, உரிக்கிற மட்டை வாசம், முகத்தில் மேக்கப் ஏறும்போதே உடம்பு வேற ஆளாக மாறுகிற உணர்வு. ஒரு ஷாட் சரியாக வந்து, மானிட்டருக்குப் பின்னால் இருந்து டைரக்டர் ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினால், அதற்கு ஈடாக ஆபீஸில் எதுவும் எனக்குக் கிடைத்ததில்லை. அதனால்தான் பின்னால் வந்த எதற்கும் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நாலாவது நாள் ஒரு சீன் பேப்பர் கையில் வந்தது. மலையாளத்தில் எழுதியதை யாரோ தமிழாக்கியிருந்தார்கள். அதில் கதாநாயகியின் தம்பி என்னிடம் வந்து கைகட்டி நின்று "எனக்கு ஒரு அவசரம் கொடுங்க" என்கிறான். மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. இரண்டு பக்கம் தள்ளி அவள் அழுதுகொண்டே "எனக்கு விஷமமா இருக்கு" என்கிறாள், அங்கே விஷமம் என்றால் மன வருத்தம், நம் ஊரில் அது சின்னப் பிள்ளைகள் செய்வது. நான் அசோசியேட் டைரக்டரிடம் போய்ச் சொன்னேன். அன்றைக்குச் சாயங்காலமே என் அறைக்கு முழு ஸ்கிரிப்ட்டும் வந்துவிட்டது. "அண்ணா, நீங்க ஒரு தடவை பாத்துட்டாப் போதும்" என்றார்கள். ஒரு தடவை பார்ப்பது என்பது கடைசியில் 60 சீனையும் கொங்குத் தமிழில் திருப்பி எழுதுவதாக ஆயிற்று. ஆறு மணிக்கு பேக்கப், குளித்துச் சாப்பிட்டு ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் பன்னிரண்டு வரை எழுத்து.

அப்புறம் கதாநாயகிக்கு நம் பேச்சைச் சொல்லிக்கொடுக்கிற வேலையும் வந்தது. சினிமாவில் கோவைத் தமிழ் என்றாலே எல்லா வரிக்கும் முன்னால் ஒரு "ஏனுங்" போடுவார்கள். அந்தப் பெண்ணும் அப்படித்தான் படித்து வைத்திருந்தார். நான் சொன்னது, மரியாதை முன்னால் இல்லை, வினையின் வாலில் இருக்கிறது: "வந்தீங்ளா", "இல்லீங்", "சரீங்". அதைவிட முக்கியமானது, கோபம் வந்தாலும் அந்த ங் போகாது. சண்டை போடுகிற சீனில் அவர் புருஷனை "போயா" என்று கத்தினார். எங்கள் பக்கத்துப் பொம்பளைக்கு அந்தக் கோபம் வந்தால், "போங்... நீங்க ஒண்ணும் பேசாதீங்" என்று குரலை இறக்கித்தான் வரும், இறக்க இறக்கத்தான் எதிரில் இருக்கிறவனுக்கு உதறும். அதைப் பத்துத் தடவை சொல்லிப் பார்த்து, பதினொன்றாவது தடவை அவர் சரியாகப் பிடித்தபோது தோப்பில் லைட் பிடித்துக்கொண்டிருந்த பொள்ளாச்சிக்காரத் தம்பி ஒருத்தன் தன்னை அறியாமல் "ஆமாங்க" என்றான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

ஆனால் இந்த வேலைக்கு ஒரு ரூபாய் கிடையாது, டைட்டிலில் பேரும் கிடையாது. கேட்காதது என் தப்பு. வசனத்தை மொழி மாற்றுவது ஒரு வேலை, நடிகர்களுக்கு வட்டார வழக்கு சொல்லிக்கொடுப்பது இன்னொரு வேலை, டப்பிங் மூன்றாவது வேலை. மூன்றுக்கும் தனித்தனியாக ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கிற படங்கள் இருக்கின்றன. நமக்கு இரண்டு மொழி அம்மா அப்பாவிடம் இருந்தும் தெருவில் இருந்தும் சும்மா வந்துவிட்டதால், அதற்குக் காசு கேட்பது கூச்சமாக இருக்கிறது. அந்தக் கூச்சம் வேண்டாம். முதல் பத்துப் பக்கம் திருத்திக் கொடுத்துவிட்டு, "நல்லா வந்திருக்குதுங்களா, மீதிக்கு என்ன பேசிக்கலாம்" என்று அன்றைக்கே கேட்டுவிட வேண்டும். முழுசையும் எழுதிக் கொடுத்த பிறகு கேட்டால் பதில் வராது.

அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. 10 நாள் ஷெட்யூல் போட்டதில் இடையிடையே 6 நாள்தான் நடந்தது, மீதி நவம்பருக்குப் போயிற்று. கன்டினியூட்டிக்காக, அதாவது எல்லாக் காட்சியிலும் ஆள் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காக, என் தாடியையும் முடியையும் தொட முடியாது, ஆபீஸில் வாடிக்கையாளர்கள் வந்த நாளில்கூட அந்தத் தாடியோடு போய் நின்றேன். நவம்பர் 7இல் இருந்து 30 வரைக்கும் தொடர்ந்து 24 நாள். மொத்தம் 42 நாள், அதில் சனி ஞாயிறு 8 நாளைக் கழித்தால் 34 வேலை நாள். என் லீவு நவம்பர் 10ஆம் தேதியோடு தீர்ந்துவிட்டது. அதற்கு மேலே 11 நாள் சம்பளம் இல்லாத லீவு, அதைக் கேட்கும்போது புது மேனேஜர் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது. இடையில் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன், நான் கூட இருக்கிறேன் என்று சொன்ன தேதியில் ஷூட்டிங் வந்துவிட்டது, மச்சான்தான் கூட்டிக்கொண்டு போனார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. என் மனைவி மட்டும், "அவிய தேதியெல்லாம் மாறுது, உங்க தேதி மட்டும் மாறவே கூடாதுங்களா?" என்று கேட்டாள். படத்துக்கு 20 நாள் என்றால் லீவில் 30 நாளை ஒதுக்கி வைத்துக்கொண்டுதான் ஒப்புக்கொள்ள வேண்டும், மழை மாதத்தில் வெளிப்புறப் படப்பிடிப்பு என்றால் இன்னும் ஐந்து நாள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசி மூன்று நாள்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. நவம்பர் 28, 29, 30. வால்பாறையில் ஷூட்டிங். அந்த வாரம் என் ஆன்-கால். அக்டோபரில் என்னுடைய வாரத்தைக் கூட வேலை பார்க்கிற தம்பி ஒருத்தன் பார்த்துக்கொண்டான், அதைத் திருப்பித் தர வேண்டிய வாரம் அது. இன்னும் மூன்று நாள் சம்பளமில்லாத லீவு கேட்க எனக்கு முகம் இல்லை. வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன் என்று மெயில் போட்டுவிட்டு, ஆபீஸ் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வால்பாறைக்குக் கிளம்பினேன். ஒரே நாளுக்கு ஆபீஸிலும் சம்பளம், சினிமாவிலும் வேலை. நான் செய்தது அதுதான், வேறு பேர் வைத்து அதை மூட முடியாது.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. முதல் இரண்டு நாள் தங்கியிருந்த இடத்தில் சிக்னல் ஓரளவு கிடைத்ததால் சமாளித்துவிட்டேன். மூன்றாவது நாள் லொகேஷனை மலைப்பாதைக்கு மாற்றினார்கள். போனில் ஒரு கோடு வரும், போகும். மாதக் கடைசி நாள் என்பதை நான் யோசிக்கவில்லை. காலை 10.40க்கு ஒரு வங்கியின் சம்பளப் பட்டுவாடா கோப்புகள் நடுவழியில் நின்றுவிட்டன. டீமிலிருந்து எனக்கு அடித்த போன் எதுவும் வந்து சேரவில்லை, அவசரத்துக்கு என்று நான் கொடுத்திருந்த வீட்டு நம்பருக்கு அடித்திருக்கிறார்கள். அம்மா எடுத்தார். பதினோரு மணிக்கு எனக்கு ஒரு வழியாக லைன் கிடைத்தபோது, "புரொடக்ஷன்ல இருந்து கூப்பிட்டாங்க கண்ணு, உடனே பேசணுமாம்" என்றார். எங்கள் ஆபீஸில் நேரடியாக ஓடிக்கொண்டிருக்கிற மென்பொருளுக்குப் பேரே புரொடக்ஷன்தான். நான் சினிமாக் கம்பெனியின் புரொடக்ஷன் மேனேஜர் என்று நினைத்துக்கொண்டு, அவர்தான் பக்கத்திலேயே நிற்கிறாரே என்று விட்டுவிட்டேன். மதியம் சாப்பாட்டு பிரேக்கில் ஒன்பதாவது வளைவுக்கு, லோம்ஸ் வியூவுக்கு, வண்டியில் இறங்கியபோது சிக்னல் வந்து 31 மிஸ்டு கால் ஒரே நேரத்தில் விழுந்தது. மேக்கப்போடு, நெற்றியில் போட்டிருந்த போலிக் காயத்தோடு, யூனிட் வண்டியின் பின் சீட்டில் லேப்டாப்பைத் திறந்தேன். சரி செய்ய 20 நிமிஷம்தான் ஆனது. ஆனால் அதற்குள் மூன்று மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. எத்தனை பேருக்கு அன்றைக்குச் சம்பளம் தாமதமாக ஏறியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிற்றில் ஏதோ செய்கிறது. எங்கள் அப்பாவுக்கு நெசவுக் கூலி வர இரண்டு நாள் தாமதமானால் வீடு எப்படி இருக்கும் என்று பார்த்து வளர்ந்தவன் நான்.

அதோடு முடியவில்லை. நான் வண்டியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்ததை யூனிட்டில் ஒரு தம்பி பாசமாகப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டான். என் முகம், காயம், பின்னால் மலை, மடியில் திரை. திரையில் எழுத்து தெரிகிற அளவுக்குப் பெரிதாகப் படம் இல்லை என்பது என் அதிர்ஷ்டம். வங்கி வேலை பார்க்கிறவர்கள் வெளியாட்கள் இருக்கிற இடத்தில் அந்தத் திரையைத் திறப்பதே தப்பு. டிசம்பர் முதல் வாரம் ஹெச்ஆரிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. மூன்று நாள் யோசித்தேன். நெட் போய்விட்டது, உடம்பு சரியில்லை என்று எழுதச் சொல்லி இரண்டு நண்பர்கள் சொன்னார்கள். நான் ஜூலையிலிருந்து எல்லாத் தேதியும் போட்டு, மூன்று நாள் பொய் சொன்னதையும் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். அந்த மூன்று நாள் சம்பளத்தையும் பிடித்தார்கள், போனஸ் இல்லை, எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கோப்பில் ஏறியது, வேலை தப்பியது. சிக் லீவு போட்டுவிட்டு நடிக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: போகாதீர்கள். எந்தத் தேதியில் எந்த ஊரில் யார் இருந்தார்கள் என்பது கால்ஷீட்டிலும் ஸ்பாட்டில் எல்லோர் போனிலும் இருக்கிறது. ஆன்-கால் வாரத்தில் ஒரு நாள்கூட ஷூட்டிங் வைத்துக்கொள்ளாதீர்கள். ஆபீஸ் லேப்டாப் வீட்டு அலமாரியில் இருக்கட்டும்.

டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் டப்பிங். பாக்கி 1,05,000 எப்போது என்று கேட்டேன், ரிலீஸுக்கு முன்னால் செட்டில் செய்துவிடுகிறோம் என்றார்கள். நடிகனின் கையில் கடைசியாக இருக்கிற ஒரே பிடி டப்பிங்தான். அனுபவம் உள்ளவர்கள் பாக்கிப் பணம் கணக்கில் ஏறிய பிறகுதான் மைக் முன்னால் நிற்பார்கள். ஸ்பாட்டிலேயே ஒலிப்பதிவு செய்கிற படம் என்றால் அந்தப் பிடியும் கிடையாது, அப்போது கடைசி ஷெட்யூலுக்கு முன்னாலேயே வாங்கிவிட வேண்டும். எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தாலும் நின்றிருப்பேனா என்பது சந்தேகம், ஏனென்றால் அந்த வேலை அவ்வளவு பிடித்திருந்தது. திரையில் மலையாளத்தில் "வெள்ளம்" என்று கேட்கிறேன், கடைசியில் ம் என்று உதடு மூடுகிறது. தமிழில் "தண்ணி" என்று வைத்தால் உதடு மூடாது, பார்க்கிறவனுக்கு உறுத்தும். அதே துண்டுக் காட்சி லூப்பாகத் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டே இருக்க, பத்து நிமிஷம் யோசித்து "தண்ணி குடும்மா" என்று மாற்றினேன், "ம்மா"வில் உதடு சேர்ந்தது, சவுண்ட் எஞ்சினியர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கட்டை விரலைக் காட்டினார். இப்படி ஆறு நாள் உட்கார்ந்து இரண்டு மொழியும் முடித்துக் கொடுத்தேன். முடித்த மறு வாரத்திலிருந்து போன் எடுப்பது நின்றது. புரொடக்ஷன் மேனேஜர் மாறிவிட்டார், புதியவர் "எனக்குத் தெரியாதுங்க சார்" என்றார்.

நடுவில் கன்னடத்திலும் வெளியிடப் போகிறோம், உங்கள் வீட்டுப் பாஷைதானே என்று பெங்களூருக்கு வரச் சொன்னார்கள். என் காசில் போனேன். நாலு வரி பேசியதும் அங்கே இருந்தவர் மெதுவாக, இது எந்த ஊர்க் கன்னடம் என்று கேட்டார். எங்கள் கன்னடம் எத்தனையோ தலைமுறையாகத் தமிழ்நாட்டுத் தறிக்குழிக்குள் இருந்து வளர்ந்தது, அங்கே பேசுகிறதோடு ஒட்டாது. கோபம் வரவில்லை, ஊர் திரும்புகிற வரைக்கும் மனசு கனமாக இருந்தது. வீட்டில் பேசுகிற மொழியில் டப்பிங் கேட்டால், ஒரு நிமிஷக் குரல் பதிவை முதலில் அனுப்பிவிட்டு அப்புறம் டிக்கெட் போடுங்கள்.

வரி விஷயம் 2023 ஜூலையில் தெரிந்தது. பேசிய 1,60,000இல் எனக்கு இரண்டு தடவையாக 55,000 என்று கணக்கு வைத்து, அதில் 10 சதவீதம் வரி பிடித்து 49,500 கொடுத்திருந்தார்கள். அப்போதைய வருமான வரிச் சட்டத்தில் 194ஜே பிரிவில் பிடிக்க வேண்டியதுதான், சரி. ஆனால் நம் பேரில் கட்டிய வரியைக் காட்டுகிற 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து பார்த்தால் அந்த 5,500 அங்கே இல்லை. வரி பிடித்ததற்கான சான்றான படிவம் 16ஏ கேட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 26ஏஎஸ் பார்த்திருந்தால், டப்பிங் இருக்கும்போதே கேட்டிருப்பேன். இன்னொன்று, அதுவரை சினிமா வருமானத்தை இதர வருமானம் என்று போட்டு, சம்பளக்காரர்கள் போடுகிற ஐடிஆர்-1 வரிப் படிவத்திலேயே தாக்கல் செய்துகொண்டிருந்தேன். மேட்டுப்பாளையத்தில் ஆடிட்டர் அக்கா சொல்லித்தான் தெரிந்தது, சினிமாக் கலைஞர் என்பது டாக்டர், வக்கீல் போலச் சட்டத்தில் தனித் தொழிலாகவே பட்டியலில் இருக்கிறது. சம்பளத்தோடு அந்த வருமானமும் இருந்தால் ஐடிஆர்-1 கூடாது. அப்போதைய 44ஏடிஏ பிரிவின்படி, சினிமாவில் வந்ததில் பாதியை லாபமாகக் காட்டி ஐடிஆர்-4 படிவம் போட்டுக் கொடுத்தார். பாக்கிக்கு வக்கீல் நோட்டீஸ் ஒன்று அனுப்பினேன். பண பாக்கிக்கு வழக்குப் போட மூன்று வருஷம் காலம் உண்டு என்றார் வக்கீல், வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்க வேண்டாம், அந்தப் போனையே பத்திரமாக வையுங்கள் என்றார். நோட்டீஸுக்குப் பதில் வரவில்லை. வழக்குக்குப் போகிற தெம்பு அப்போது எனக்கு இல்லை.

படம் வெளியானபோது குடும்பத்தோடு மேட்டுப்பாளையத்தில் போய்ப் பார்த்தோம். ஆபரேஷன் ஆன கண்ணோடு அப்பா முன்பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "போங்... நீங்க ஒண்ணும் பேசாதீங்" வந்தபோது தியேட்டரில் பொம்பளைகள் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் எழுந்தது, அம்மா என் கையைப் பிடித்து அமுக்கினார். கடைசியில் பேர் ஓடும்போது யாரும் எழுந்திருக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தோம். நடிகர்கள் வரிசையில் என் பேர் வந்தது. வசனம் என்ற இடத்தில் வரவில்லை.

இப்போது அதே கம்பெனியில் ஆன்-கால் இல்லாத டீமுக்கு மாறிக்கொண்டேன், சம்பள உயர்வு கொஞ்சம் குறைவு, பரவாயில்லை. வருஷத்துக்கு 15 நாள் நடிப்புக்குப் போகலாம் என்று ஹெச்ஆர் எழுதிக் கொடுத்த மெயிலை அச்செடுத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். போன மாதம் இரண்டு பேர் கூப்பிட்டார்கள். ஒருவரிடம் நாள், கால்ஷீட், மொழி, பாக்கித் தேதி எல்லாம் எழுதி அனுப்பினேன், "நம்ம பழக்கத்துல காயிதம் எல்லாம் எதுக்குங்க" என்றார். எனக்குக் கதை பிடித்திருந்தும் வரவில்லை என்று சொல்லிவிட்டேன், இரண்டு நாள் மனசு அங்கேயே கிடந்தது. இன்னொருவர் அரை மணி நேரத்தில் சரி என்று பதில் போட்டார், வட்டார வழக்குச் சொல்லிக்கொடுக்கத் தனியாக 20,000, டைட்டிலில் பேர். கோபிச்செட்டிபாளையத்தில் ஐந்து நாள். லீவு ஒப்புதல் இன்றைக்குக் காலையில் வந்தது, தாடி விட ஆரம்பித்திருக்கிறேன்.